எந்த முகத்துக்கு வெளிச்சம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முதலில் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். சரி, நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே அப்பாவைப் பற்றிச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு செய்தி. சிரிக்காதே. உன் அப்பா படம் எடுக்கக் கண்ணாடியில் மருந்து பூச ஆரம்பித்திருக்கிறார்.

ஆமாம், அதே அப்பாதான். "கண்ணாடின்னா அந்தப் பக்கம் தெரியணும்டா. ஊரே என்கிட்ட வந்து நல்ல கண்ணாடி கேக்குது, என் பிள்ளை அதுல கஞ்சி பூசிட்டு உக்காந்திருக்கான்" என்று கடையில் ஆட்கள் முன்னால் உன்னைக் கேட்டவர். அன்று சாயங்காலமே நீ பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். கேமராவை மட்டும் எடுத்துப் போகவில்லை. வேண்டுமென்றே விட்டுப் போனாயா, கை கொள்ளாமல் விட்டாயா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவரும் யோசித்திருப்பார் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழாய் ஒழுகுகிறது என்று பின்பக்கக் குளியலறையைத் திறந்தார். படம் கழுவுவதற்காக நீ ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இன்று கிழித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தேன். கிழிக்கும் சத்தம் கேட்கவில்லை. பிறகு பழுப்பு நிறப் பாட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது கெட்டுப் போயிருக்குமா?" என்று கேட்டார். சில்வர் நைட்ரேட். வேதியியல் படித்துவிட்டு அவர் கடையில் பில் எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம், கல்யாணமானதிலிருந்து அவர் கேட்ட முதல் வேதியியல் கேள்வி அதுதான். கெடாது, இருட்டில் இருந்தால் கெடாது என்று சொன்னேன். "அப்ப சரி" என்று திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

மறுநாள் கடையிலிருந்து வரும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்துப் பார்த்தேன். எல்லாம் உன் கேமராவின் சட்டத்துக்கு மயிரிழை பிசகாத அளவில் வெட்டிய கண்ணாடிகள். விளிம்பெல்லாம் கல்லில் தேய்த்து, குழந்தை கையில் கொடுக்கலாம் போல இருந்தது. எப்போது அளந்தார் என்று எனக்குத் தெரியாது. "சும்மாதான். துண்டு மிச்சம் கிடந்துச்சு" என்றார். மிச்சத் துண்டு அப்படி ஒரே அளவில் கிடக்காது என்று எனக்குத் தெரியாதா?

நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன குறிப்பைப் பார்த்துத்தான் செய்தோம். வெந்நீரில் ஜெலட்டினைக் கரைத்து, புரோமைடு சேர்த்து, கதவைச் சாத்திச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவர் கலக்கினார். தெளிந்த நீர் கண்ணெதிரே பாலாக மாறியதும், "அட!" என்றார். அந்த ஒரு 'அட'வை நீ கேட்டிருக்க வேண்டும். ஆறவைத்து, உறைந்ததைத் துண்டு துண்டாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி இளக்கித் துணியில் வடிகட்டினோம். கண்ணாடியில் ஊற்றி நாலு மூலைக்கும் ஓடவிட்டது அவர்தான். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. குளியலறை மேடைக் கல்லை ரசமட்டம் வைத்துப் பார்த்து, கீழே அட்டை கொடுத்துச் சமன் செய்து, அதன் மேல் உறைய வைத்தார்.

காய்ந்ததும் வாசலைப் படம் எடுத்தோம். டெவலப்பரில் போட்டால், காய்ச்சிய பாலில் ஆடை கழல்வதுபோல முழுப் படலமும் கழன்று தட்டில் மிதந்தது. அதில் வாசலும் தெரிந்தது, கசங்கிய வாசல். மறுபடி செய்தோம். மறுபடி அதேதான். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, அது தண்ணீரோடு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாருக்காவது தெரிஞ்சா கேளேன்" என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேறு எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். ஏன் கழல்கிறது என்பதற்கு மட்டும் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா

*

அன்பு மகனுக்கு,

உன் அட்டை வந்தது. "கடையில் கண்ணாடி மின்னுவதற்குப் போடும் தண்ணீரைப் போட்டுத் துடைத்திருப்பார். அது இருந்தால் ஜெலட்டின் பிடிக்காது. சாக்பீஸ் தூளும் ஸ்பிரிட்டும் போட்டுத் துடைத்து, முதலில் மிகவும் நீர்த்த ஜெலட்டினை ஒரு தடவை ஓட்டிக் காயவிடச் சொல்லுங்கள். அதன் மேல் பூசினால் நிற்கும்." அவ்வளவுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. பரவாயில்லை, நான்தான் அப்படிக் கேட்டேன்.

அதைத்தான் போட்டிருக்கிறார்! எனக்குத் தெரியாமல், நான் துடைத்து வைத்த பிறகு, கடையிலிருந்து கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் மெருகு ஏற்றியிருக்கிறார். அழுக்குக் கண்ணாடியில் பூசுகிறோமே என்று மனசு கேட்கவில்லையாம். அட்டையைக் கையில் வாங்கி, "தொரை பக்கத்துல நின்னு பாத்த மாதிரி எழுதிருக்காரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லுங்கள்னு போட்டிருக்கானே, யாருக்குச் சொல்லச் சொல்றான்? எனக்குத்தானே?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன். உன் அட்டை இப்போது கடையில், கண்ணாடி வெட்டும் மேசைக்கு மேலே கிளிப்பில் தொங்குகிறது. வருகிறவர்கள் படித்தால் ஒன்றும் புரியாது. என்ன இது என்று கேட்பார்கள் என்றுதான் மாட்டியிருக்கிறார்.

நீ சொன்னபடி செய்தோம். நின்றது. கண்ணாடியிலிருந்து காகிதத்தில் அச்செடுத்தால், வாசல் அப்படியே வந்திருக்கிறது. செருப்புகள்கூடத் தெரிகின்றன. உன் பழைய நீலச் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. படத்தில் அது வெள்ளையாக விழுந்திருக்கிறது.

அடுத்து ஆளை எடுக்கலாம் என்று உன் அத்தையைக் கூப்பிட்டார். அக்காவை உட்கார வைக்கத் தம்பிக்கு அவ்வளவு ஆசை. அத்தை புது மஞ்சள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். கழுத்து ஆடாமல் இருக்க நாற்காலியின் பின்னால் துடைப்பக் கட்டையைக் கட்டினோம். "அசையாதக்கா, மூச்சைக்கூட மெதுவா விடு" என்று அவர் சொல்ல, "எவ்வளவு நேரம்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அவள் கேட்க, அந்தக் கேள்வியும் படத்தில் விழுந்துவிட்டது. மூக்கு இரண்டாக வந்திருக்கிறது. "ஒண்ணை வெச்சுக்கிட்டே ஜலதோஷம் தாங்க முடியல" என்றாள். ஆனால் அவளுக்கு உண்மையான கோபம் சால்வை மேல்தான். காகிதத்தில் அது கன்னங்கரேலென்று வந்திருந்தது. "மஞ்சள் போத்திட்டு வந்தவளைத் துக்கம் கேக்கப் போறவளா ஆக்கிட்டியே!" உன் குறிப்பில் இருந்ததை நான் அவளுக்கு விளக்கினேன்: இந்த மருந்துக்கு நீலம் மட்டும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டுதான், அதனால்தான் சிவப்பு விளக்கில் வேலை செய்ய முடிகிறது என்று. "கண்ணு தெரியாத மருந்தை வெச்சுக்கிட்டா படம் எடுக்கிறீங்க?" என்று எழுந்து போய்விட்டாள். படத்தை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அப்பாவையும் எடுத்தோம். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. உன் அறை ஜன்னல் பக்கம், வெள்ளைக் கோப்பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கோப்பை எதற்கு என்று கேட்டேன். "வெள்ளை வெள்ளையா வருதான்னு தெரிய வேணாமா?" என்றார். படத்துக்காகவே முடி வெட்டிக்கொண்டு வந்தார் என்பதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

அவர் கேட்கச் சொன்னது: ஊற்றும்போது சின்னச் சின்னக் குமிழி வருகிறது. என்ன செய்வது? இந்தத் தடவை, "கேளு" என்று நேராகவே சொன்னார்.

அவர் உன்னைப் பற்றி என்னிடம் எதுவும் பேசுவதில்லை. ஜெலட்டினைப் பற்றித்தான் பேசுகிறார். நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா

*

அன்பு மகனுக்கு,

குமிழிக்கு நீ சொன்ன வழி சரியாக இருந்தது. இளக்கிய பிறகு ஆட்டாமல் சற்று நேரம் வைத்து, கோப்பையின் விளிம்பைக் கண்ணாடியில் தொட்டாற்போல ஊற்றினால் வருவதில்லை. இந்தத் தடவை உன் அட்டையில் ஏழெட்டு வரி இருந்தது. கடைசியில் "அங்கே மழையா?" என்று கேட்டிருக்கிறாய். அதை அவரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "மழையில காயறது லேட்டாகும்ல, அதுக்குக் கேக்கறான்" என்றார். இருக்கலாம். மழைதான் என்று எழுதச் சொன்னார்.

இப்போது ஒரு புதுத் தொல்லை. எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை புது மருந்து செய்ததும் முதல் கண்ணாடியில் தன்னைத்தான் எடுக்கச் சொல்கிறார். அதே நாற்காலி, அதே ஜன்னல், கையில் அதே கோப்பை. முதல் படம் உனக்கு அனுப்பியது. முகம் அதில் தெளிவாக இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் மங்கல். மருந்தை வெந்நீரில் கூடுதல் நேரம் வைத்துவிட்டேன் போல என்று நினைத்தேன். அதற்கடுத்ததில் இன்னும் கறுப்பு. புது ஜெலட்டின் வாங்கினேன். தண்ணீரைக் காய்ச்சி வடித்து எடுத்தேன். வெளிச்சம் காட்டும் நேரத்தைக் கூட்டினால் கோப்பை வெளுத்துப் போகிறது, அவர் முகம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. கண்கள் வேறு, வெள்ளை விழியே இல்லாததுபோல் சாம்பலாக வருகின்றன. கல்லூரியில் நான் எந்தப் பரிசோதனையிலும் இப்படித் தோற்றதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே மருந்தில் அதே நாளில் என்னை எடுத்தார். நான் சரியாக வந்திருக்கிறேன். என் வயசு ஒரு கோடு விடாமல் வந்திருக்கிறது. அத்தையைக் கேட்டால், "இவன் எப்பப் பாரு வெயில்ல ஏணி மேல நின்னு கண்ணாடி மாட்டறான், கறுக்காம என்ன செய்வான்? மெலிஞ்சு வேற போயிட்டான்" என்கிறாள். மெலிந்துதான் இருக்கிறார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருக்கிறார். "உன் பிள்ளையோட மருந்துதான், வேற என்ன?" என்று என் மேல் பழி. கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடியைக் கையுறை போட்டுத் தொடுவது அவருக்குக் கேவலமாம்.

எது தப்பாகிறது என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் படத்துக்குப் பிறகு எடுத்த அவருடைய மூன்று படங்களையும் என்னுடையது ஒன்றையும் இத்தோடு வைத்திருக்கிறேன். பின்னால் வரிசை எழுதியிருக்கிறேன். கோப்பையைப் பார், எல்லாவற்றிலும் ஒரே வெள்ளை. அதுதான் என்னைக் குழப்புகிறது.

அவர் மனம் விட்டுப் போயிருக்கிறார். நேற்று, "எனக்கு இது வராது. கை அவனுக்குத்தான்" என்றார். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உன் அம்மா

*

அன்பு மகனுக்கு,

படங்கள் கையில் கிடைத்த உடனே நீ போன் செய்தாய். நன்றாகப் பேசினோமா என்று எனக்கு நினைவில்லை. நீ சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா, மருந்துல ஒரு தப்பும் இல்ல. கோப்பை சரியா இருக்கு, நீங்க சரியா இருக்கீங்க. அத்தையோட சால்வையை யோசிச்சுப் பாருங்க. அப்பாவை வெளிச்சத்துல நிக்க வெச்சு, கண்ணைப் பாருங்கம்மா."

அவர் கடையில் இருந்தார். குடைகூட எடுக்காமல் போனேன். வெளியே வாருங்கள் என்று கையைப் பிடித்து நடைபாதைக்கு அழைத்து வந்து, மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்தேன். "என்னடி, இத்தனை வருஷம் கழிச்சு நடுரோட்டுல கண்ணோட கண்ணு பாக்கறே?" என்றார். கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த விழி அத்தையின் சால்வை நிறத்தில் இருந்தது.

தினமும் மூன்று வேளை அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நம் வீட்டு விளக்குகள் மஞ்சள். கடை விளக்கும் மஞ்சள். கொஞ்சம் கொஞ்சமாக வந்த நிறம் எனக்குப் பழகிவிட்டது. அந்த மருந்துக்குப் பழகவில்லை. நான் அதைத்தான் மாற்றி மாற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு தடவை போனில் கேட்டாய். இரண்டு தடவையும் தலைவலி என்று வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். வயிற்றுக்குப் பின்னால், கணையத்தில் கட்டி. அது பித்தம் போகும் வழியை அடைத்திருக்கிறது. ஒரு சின்னக் குழாய் வைத்து வழி செய்திருக்கிறார்கள். அரிப்பு நின்றுவிட்டது. மஞ்சள் பாதி இறங்கியிருக்கிறது, மீதி இறங்கவில்லை. கட்டியை எடுக்க முடியாதாம். வேறு இடங்களுக்கும் போயிருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண். இதைச் சொல்லும்போது மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போல. அவள் முடித்ததும், "மூலையில விரிசல் விட்டிருக்கு டாக்டர். கையைக் கிழிச்சிடும். அளவு எடுத்துக்கறேன், மாத்திடலாம்" என்று சாணால் அளந்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் எங்களைப் பார்த்து, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். வைத்தியத்துக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். "ஒரே பையன். வெளியூர்ல இருக்கான். இந்த நோவைக் கண்டுபுடிச்சதே அவன்தான், படத்தைப் பாத்து" என்றார். அந்தப் பெருமையை உன்னால் கற்பனை செய்ய முடியாது. ஆட்டோவில், எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில், மருந்துக் கடையில், எல்லோரிடமும் அதையே சொல்கிறார். "படத்தைப் பாத்தே சொல்லிட்டான்."

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு உடனே வா என்று உனக்கு எழுதக் கூடாதாம். "நான் போகச் சொல்லல, அவனாப் போனான். இப்ப நான் வரச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுதவில்லை, பார்.

போன வாரம் மறுபடி மருந்து செய்தோம். கோப்பையைத் தூக்கிச் சமமாக ஊற்ற அவரால் முடியவில்லை. நான்தான் ஊற்றினேன். அவர் வாளியில் உட்கார்ந்து, "இந்த மூலை... இப்ப அந்த மூலை... போதும், வடிய விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் அவர் முகம் பழையபடியே இருந்தது. மஞ்சளெல்லாம் அதில் தெரிவதில்லை. கதவைத் திறக்க எனக்கு மனசே வரவில்லை. எல்லாம் காய்ந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் எதையோ துடைப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

பூசிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கறுப்புக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார். ஒன்றை மட்டும் தனியாக வைத்திருக்கிறார். அதற்கு விளிம்பை இன்னொரு தடவை தேய்த்தார். யாருக்கு என்று கேட்டேன். நேராகச் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரே கண்ணாடியில எடுக்கணும்னு வை. ஒருத்தன் முகம் மஞ்சள். இன்னொருத்தன் நல்லா இருக்கான். மஞ்சள் முகம் தெரியற அளவுக்கு வெளிச்சம் காட்டினா மத்தவன் வெளுத்துப் போயிடுவான். நல்லா இருக்கிறவனுக்குக் காட்டினா இவன் இருட்டாயிடுவான். அப்ப எந்த முகத்துக்கு வெளிச்சம் காட்டறது? தொரைக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டு எழுது."

கேட்டுவிட்டேன்.

இருட்டில் வைத்தால் அந்தக் கண்ணாடி பல மாதம் கெடாது என்று உன் குறிப்பில் இருக்கிறது. அது காத்திருக்கும். துடைப்பக் கட்டையை நாற்காலியிலிருந்து நான் இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை அவரே கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணா. இதுவரை அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அட்டையில் பதில் எழுதினாய், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தபாலில் பதில் போடாதே.

உன் அம்மா